மரத்துக்குள் பசை எவ்வளவு தூரம் போகிறது?

இரண்டு பலகைத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெள்ளைப் பசையால் ஒட்டினேன். நன்றாகக் காய்ந்த பிறகு, பசைக்கோட்டின் மேலேயே உளியை வைத்து அடித்துப் பிளந்தேன். பிளவு கோட்டில் ஆரம்பித்தாலும் ஒரு விரல்கடை போவதற்குள் மரத்துக்குள் இறங்கிவிட்டது. ஒரு துண்டின் முகத்தில் மற்றதன் நார்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றன. அப்புறம், அதே நாளில் அதே டப்பாவிலிருந்து எடுத்த பசையால் ஒட்டிய இன்னொரு ஜோடியைப் பிளந்தேன். அது கோட்டோடு கோடாகச் சுத்தமாகப் பிரிந்து வந்தது. ஒரு பக்கம் பளபளப்பான பசைப் படலம், மறுபக்கம் பசையே படாதது போல வெறும் மரம்.

பசை ஒன்று, மரம் ஒன்று, கிளாம்ப் இறுக்கிய விதமும் ஒன்று. வித்தியாசம் ஒன்றுதான். முதல் ஜோடியின் விளிம்புகளை ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் இழைத்திருந்தேன். இரண்டாவது ஜோடி பல மாதங்களுக்கு முன் இழைத்து அடுக்கி வைத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

'பசை மரத்தைவிடக் கெட்டி' என்று தச்சு வேலை பழகும் எல்லோரும் சீக்கிரமே கேள்விப்படுகிறோம். அது பாதி உண்மை. பசை கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, அது மரத்தைப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடிப்பு நடக்கிற இடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. அந்தக் கனத்துக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் ஒட்டுவது பற்றிய பல பழக்கங்களுக்குக் காரணம் தெரியவரும். சில பழக்கங்கள் தவறு என்பதும் தெரியவரும்.

மரம் என்பது குழாய்க் கட்டு

பைன் கட்டை ஒன்றின் வெட்டுமுகத்தை, அதாவது நாருக்குக் குறுக்கே அறுத்த முனையை, புது பிளேடால் மெல்லச் சீவி, நல்ல லென்ஸ் வைத்துப் பாருங்கள். திடப்பொருளாகத் தெரிந்தது தேன்கூடு மாதிரி தெரியும். வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு செல்லின் வாய். பைன் போன்ற மென்கட்டைகளின் பெரும்பகுதி டிரக்கீடு எனப்படும் இந்தச் செல்களால் ஆனது. அகலம் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நீளமோ 3 முதல் 5 மில்லிமீட்டர். அதாவது அகலத்தைப்போல நூறு மடங்கு நீளம், இரண்டு முனையும் மூடிய குழாய். ஓக், தேக்கு போன்ற வன்கட்டைகளில் இதோடு தண்ணீரை மேலே கொண்டுபோகும் அகலமான சைலக் குழாய்களும் உண்டு. ஓக்கில் அவை கால் மில்லிமீட்டர் அகலம் வரை இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும்.

குழாயின் சுவர் எந்த மரத்திலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். செல்லுலோஸ் இழைகள், அவற்றைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிற லிக்னின். சுவரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். தண்ணீரில் பஞ்சு போல மிதக்கும் பால்சாவுக்கும் அதே கணக்கு, போட்டவுடன் மூழ்கும் லிக்னம் வீட்டேவுக்கும் அதே கணக்கு. ஒன்றில் உள்வெற்றிடம் அதிகம், இன்னொன்றில் குறைவு, அவ்வளவுதான்.

ஆகவே பசைக்கு மரத்தில் இரண்டு விதமான இடம் உண்டு. ஒன்று, குழாயின் உள்ளே இருக்கிற வெற்றிடம். இது மைக்ரான் அளவில் இருக்கும், திரவம் ஓடலாம். மற்றது, குழாய்ச் சுவருக்குள்ளேயே மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கிற இடுக்கு. இது நானோமீட்டர் அளவு, அதாவது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே திரவம் ஓடாது, தனித்தனி மூலக்கூறுகள் நுழைந்தால் உண்டு. 'பசை மரத்தில் ஊறுகிறது' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இந்த இரண்டு வேறு வேறு காரியங்களை.

ஆழமாகப் போனால் நல்லதா?

பலகையின் முகத்தை இழைக்கும்போது இந்தக் குழாய்களை நீளவாக்கில் திறந்துவிடுகிறோம். இழைத்த முகம் என்பது அருகருகே கிடக்கும் வாய்க்கால்கள். பசை தடவினால் முதலில் திறந்த வாய்க்கால்கள் நிறையும். அடுத்த அடுக்குக் குழாய்களுக்குள் போக மூன்று வழி. வெட்டுப்பட்ட சைலக் குழாய்களின் வாய் வழியாகப் போகலாம், குறுக்கே ஓடும் கதிர் செல்கள் வழியாகப் போகலாம், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் நுண்குழிகள் வழியாகவும் போகலாம். கடைசி வழி கடினமானது. மென்கட்டை உலரும்போது அந்தக் குழிகளில் பல, நடுவே இருக்கும் சிறு மூடி ஒருபக்கமாக ஒட்டிக்கொள்வதால் அடைபட்டுவிடும். வெள்ளை ஓக்கில் சைலக் குழாய்களையே, பக்கத்துச் செல்களிலிருந்து பலூன் மாதிரி உள்ளே புடைக்கும் டைலோஸ்கள் அடைத்துக்கொண்டிருக்கும். பீப்பாய்க்கு அந்த மரம் பேர் போனது இதனால்தான். பசைக்கும் அங்கே அதே தடைதான்.

நாரோட்டத்தின் சாய்வு பசையின் ஆழத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. நார் முகத்துக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு குழாய்க்குள் பசை 1 மில்லிமீட்டர் தூரம் ஓடினாலும், முகத்திலிருந்து அது இறங்கிய ஆழம் 0.09 மில்லிமீட்டர்தான். வெட்டுமுகத்திலோ குழாய்கள் நேராக நம்மைப் பார்த்து வாய் திறந்திருக்கின்றன. அங்கே அதே 1 மில்லிமீட்டர் ஓட்டம் முழுவதும் ஆழமாகிவிடும். மேலே பசையே மிஞ்சாது. ஒட்டு பசையில்லாமல் பட்டினி கிடக்கும்.

இந்தப் பட்டினி ஒட்டு இன்னும் பல வழிகளில் வரும். பசை நீர்த்துப்போயிருந்தால், நுண்துளை அதிகமுள்ள மரத்தில் கிளாம்பை அளவுக்கு மேல் முறுக்கினால், தடவிய பின் சேர்க்காமல் ரொம்ப நேரம் விட்டால். இரண்டு பலகைக்கும் நடுவே தொடர்ச்சியான ஒரு படலம் நின்றே ஆக வேண்டும். நல்ல ஒட்டில் அதன் கனம் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர். உள்ளே இறங்கிய ஆழம் சில செல்கள் இருந்தால் போதும். சேதப்படாத முழுச் செல்கள் வரை பசை எட்டியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதற்கு மேல் ஆழம் போனால் பசை வீண், பலமும் அதிகமாகாது.

வெள்ளைப் பசைக்கு இதில் ஒரு இயற்கைக் கடிவாளம் இருக்கிறது. அது தண்ணீரில் மிதக்கும் பாலிவினைல் அசிடேட் துகள்களின் பால். மரத்தைத் தொட்டதும் தண்ணீரை மட்டும் செல் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், துகள்கள் வெளியே தங்கும். தண்ணீர் குறையக் குறையப் பால் கெட்டியாகும், ஓட்டம் தானாக நிற்கும். துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தாற்போல் படலமாகும். குளிர் அதிகமானால் இந்தச் சேர்க்கை நடக்காது. அப்போது பசை சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடியாகக் காய்ந்து கிடக்கும், பிடிப்பும் இருக்காது.

வச்சிரத்துக்குக் கடிவாளம் வேறு. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையைச் சூடாகத் தடவ வேண்டும். சூட்டில் அது நீர்த்து வாய்க்கால்களுக்குள் இறங்கும், ஆறியதும் கூழாக உறைந்து நின்றுவிடும். எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய தச்சர் காட்சியில், பசைச் சட்டி நெருப்பின் மேல்தான் இருக்கிறது.

கொக்கியா, நெருக்கமா?

1925இல் மெக்பெய்ன், ஹாப்கின்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் ஒட்டுதலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். நுண்துளைகளுக்குள் பசை இறங்கிக் கெட்டியாகி, வேர் மாதிரி மாட்டிக்கொள்வது ஒன்று. பசை மூலக்கூறும் பரப்பின் மூலக்கூறும் ஒன்றையொன்று ஈர்ப்பது மற்றொன்று. மரம் துளை நிறைந்தது என்பதால், முதலாவதே மரத்துக்குப் பொருந்தும் என்று பலர் நினைத்தார்கள். இன்றும் 'உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் பசை நல்லாப் பிடிக்கும்' என்று சொல்வது அந்த எண்ணத்தின் மிச்சம்தான்.

மாட்டிக்கொள்வது உதவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு என் இரண்டாவது ஜோடியே சாட்சி. அதே குழாய்கள், அதே வாய்க்கால்கள், ஆனாலும் படலம் உரிந்து வந்தது. அங்கே இல்லாமல் போனது மூலக்கூறு நெருக்கம்தான்.

செல் சுவரின் செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) நிறைந்தவை. பசையிலும் அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பு வைத்துக்கொள்ளக்கூடிய தொகுதிகள் இருக்கும். இந்தப் பிணைப்பு ஒவ்வொன்றும் பலவீனமானது. ஒரு மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல். கார்பனும் கார்பனும் சேரும் சகப்பிணைப்பில் அது 350 அளவு. ஆனாலும் ஒரு சதுர மில்லிமீட்டரில் அடங்குகிற ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள், பலம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். நிபந்தனை ஒன்றுதான். இரண்டு மூலக்கூறும் சுமார் 0.3 நானோமீட்டர் வரை நெருங்க வேண்டும். 30 மைக்ரான் அகலமுள்ள ஒரு செல்லில் அது லட்சத்தில் ஒரு பங்கு. எந்த கிளாம்பும் இரண்டு திடப்பொருள்களை அந்த அளவுக்கு முழுப் பரப்பிலும் நெருக்க முடியாது. திரவம்தான் முடியும். அதுவும் அந்தத் திரவம் பரப்பை நனைத்தால் மட்டும்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நெடுநாள் கிடந்த பலகை ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் உருண்டையாக உட்காரும், கொஞ்ச நேரம் அசையாது. பக்கத்திலேயே இழைப்புளியால் இரண்டு சீவல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு சொட்டு விடுங்கள். ஓரங்கள் உடனே தட்டையாகி, நார் போகிற திசையில் நீண்டு, மரத்துக்குள் இறங்கிவிடும். அரை நிமிடத்துக்குள் சொட்டு பரவி ஊறினால் அந்த முகம் ஒட்டுவதற்குத் தயார் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரே நனைக்காத முகத்தைத் தண்ணீர்ப் பசையும் நனைக்காது. என் இரண்டாவது ஜோடியில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

பலகை சும்மா கிடக்கும்போது என்ன ஆகிறது? மரத்துக்குள் இருக்கும் எண்ணெய், மெழுகு, பிசின் வகைகள் மெல்ல மேற்பரப்புக்கு நகர்கின்றன. காற்றில் இருக்கும் அழுக்கும் படிகிறது. பரப்பின் ஆற்றல் குறைந்து, திரவத்தை இழுத்துப் பரப்பும் குணம் போய்விடுகிறது. அதிகச் சூட்டில் உலர்த்திய மரத்தில் இது இன்னும் மோசம். இழைத்த 24 மணி நேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். தேக்கு மாதிரி எண்ணெய்த்தன்மையுள்ள மரத்தில் ஒட்டும் முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைப்பதும் இதற்காகத்தான்.

சுவருக்குள் நுழைவது

இதுவரை பேசியது வெற்றிடத்தை நிரப்புவதும் சுவரைத் தொடுவதும். சில பசைகள் இன்னும் ஒரு படி போய்ச் சுவருக்குள்ளேயே நுழைகின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இது.

செல் சுவர் உலர்ந்திருக்கும்போது இடுக்குகள் ஒடுங்கியிருக்கும். தண்ணீரோ சில கரைப்பான்களோ உள்ளே போனால் சுவர் வீங்கி, இடுக்குகள் திறக்கும். கூடவே சிறிய மூலக்கூறுகளும் நுழையலாம். பீனால் பார்மால்டிஹைடு பசையில் மூலக்கூறு எடை சில நூறுகளில் இருக்கும் பகுதி உள்ளே போகும், ஆயிரங்களைத் தாண்டிய பெரிய சங்கிலிகள் வெளியே நின்றுவிடும். வெள்ளைப் பசையின் துகளுக்கு அங்கே இடமே இல்லை. அது பத்தில் ஒரு மைக்ரானிலிருந்து மேலே போகிற அளவு, சுவரின் இடுக்கோ சில நானோமீட்டர்.

கண்ணால் பார்க்க முடியாத இந்த நுழைவை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பசை எங்கே இருக்கிறது என்று காட்ட, ஒளிரும் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு வழி. மரமும் பசையும் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிவதால், பசை மூலக்கூறில் அயோடினைச் சேர்த்து, முப்பரிமாண எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். குழாய்களுக்குள் பசை எப்படிக் கிளைத்து ஓடியிருக்கிறது என்பதை அதில் அப்படியே பார்க்கலாம். சுவருக்குள் போனதா என்று பார்க்க, மிக நுண்ணிய வைர முனையால் ஒற்றைச் செல் சுவரை அழுத்தி அதன் கடினத்தை அளந்தார்கள். பசை நுழைந்த சுவர், நுழையாத சுவரைவிடக் கடினமாக இருந்தது.

நுழைந்த மூலக்கூறுகள் உள்ளேயே ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன. சுவரோடு வேதிப் பிணைப்பே உண்டாகாவிட்டாலும், பின்னிப்போன அந்த வலையைப் பிரித்து எடுக்க முடியாது. ஐசோசயனேட் பசைகள் மரத்தின் ஹைட்ராக்சில்களோடு நேரடியாகச் சகப்பிணைப்பு போடும் என்று அடிக்கடி சொல்வார்கள். மரத்தில் எப்போதும் ஈரம் இருக்கிறது, அந்த ஈரமே ஐசோசயனேட்டோடு முதலில் வினைபுரிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாலியூரித்தேன் பசையும் இந்த வகைதான், அது நுரைத்து வருவது அந்த வினையில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடால்தான். நுரை இடைவெளியை நிரப்பினாலும் அதில் பலம் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

சுவருக்குள் நுழைவதன் அருமை ஒட்டு நனையும்போதுதான் தெரியும். ஈரம் ஏறினால் மரம் வீங்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. பச்சை மரம் முழுதாகக் காயும்போது வளர்ச்சி வளையங்களின் திசையில் சுமார் 8 சதவீதம் சுருங்கும், மையத்திலிருந்து வெளிப்புறமாகப் போகும் திசையில் அதில் பாதி, நீளவாக்கில் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான். 100 மில்லிமீட்டர் அகலப் பலகை ஒன்றில் ஈரப்பதம் 10 புள்ளி ஏறினால், வளையத் திசையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் விரியும். பசைப் படலம் விரியாது. இந்த இழுபறி முழுவதும் அந்த மெல்லிய எல்லையில் வந்து விழுகிறது.

இதைச் சமாளிக்கும் விதத்தை வைத்துப் பசைகளை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டியவர் சார்லஸ் பிரைஹார்ட், அமெரிக்காவின் மேடிசன் நகரில் இருக்கும் வனப்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்தவர். பீனால், ரெசார்சினால் பசைகள் மரத்துக்குள் சிறு மூலக்கூறாகப் போய் அங்கேயே இணைந்து விறைப்பாகின்றன. அவை சுவரையே வீங்க விடாமல் கட்டிப்போட்டு, இழுபறியை மரத்தின் பக்கமாகச் சில செல்கள் தூரம் பகிர்ந்துவிடுகின்றன. வெள்ளைப் பசை, பாலியூரித்தேன் போன்றவை முன்பே நீண்ட சங்கிலிகளாகி வருபவை. அவை சுவருக்குள் போவதில்லை, தாங்களே கொஞ்சம் நெகிழ்ந்து இழுபறியைத் தாங்குகின்றன. எபாக்சி இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. விறைப்பானது, ஆனால் செல் சுவரை வீங்க விடாமல் பிடிக்கும் அளவுக்கு நிலைப்படுத்துவதில்லை. உலர்ந்திருக்கும் வரை அருமையாக நிற்கும் எபாக்சி ஒட்டு, திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்தால் எல்லையிலேயே விடுவது இதனால்தான். அதே ஆய்வகத்தில் 1990களில் ரெசார்சினாலை அடிப்படையாகக் கொண்ட ஒரு முன்பூச்சை உருவாக்கினார்கள். அதைத் தடவிய பிறகு எபாக்சி போட்டால், ஈரத்தை எவ்வளவோ மேலாகத் தாங்குகிறது.

வெள்ளைப் பசையின் நெகிழ்வுக்கும் ஒரு விலை உண்டு. பாலிவினைல் அசிடேட் சுமார் 30 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். தொடர்ந்து பாரம் தாங்கும் ஒட்டில் அது மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். உத்தரத்துக்கு அதைப் பயன்படுத்தாததற்குக் காரணம் இதுதான்.

எங்கே முறிந்தது?

மர்ரா என்ற அமெரிக்க மர விஞ்ஞானி ஒரு ஒட்டை ஒன்பது கண்ணிகள் கொண்ட சங்கிலியாக வரைந்தார். நடுவே பசைப் படலம். அதன் இருபுறமும் மரத்தின் சேர்க்கையால் குணம் மாறிய பசை. அப்புறம் பசையும் மரமும் தொடும் எல்லை. அப்புறம் இழைத்தபோது அடிபட்ட செல் அடுக்கு. கடைசியில் சேதமில்லாத மரம். எந்தக் கண்ணி பலவீனமோ அங்கே முறியும். ஒட்டை உடைத்தவுடன் எங்கே முறிந்தது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

வெட்டுமுக ஒட்டு பலவீனமானது என்று சொல்வதையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். நார்த் திசையில் மரத்தின் இழுவிசைப் பலம், நாருக்குக் குறுக்கே இருப்பதைப்போல பத்து, இருபது மடங்கு. பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் பசை அந்தக் குறுக்குப் பலத்தை மிஞ்சினால் போதும், மரம் முதலில் கிழியும். வெட்டுமுகத்தில் பசை நார்த் திசைப் பலத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அங்கே ஒட்டு விடுவதைப் பார்த்து, பசை மோசம் என்று சொல்லிவிடுகிறோம். முதலில் பசையை மெல்லத் தேய்த்து ஊறவிட்டு, குழாய் வாய்கள் அடைந்த பிறகு மறுபடி தடவி ஒட்டினால், வெட்டுமுக ஒட்டு நாம் நினைப்பதைவிட நன்றாகவே நிற்கும்.

நான் மூன்றாவதாக ஒரு ஜோடியும் ஒட்டியிருந்தேன். ஒட்டுவதற்குச் சற்று முன் இழைத்ததுதான், ஆனால் முனை மழுங்கிய தகட்டால். உடைத்தபோது இரண்டு முகத்திலும் நார் இருந்தது. முதலில் மரம்தான் முறிந்தது என்று சந்தோஷப்பட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால், முதல் ஜோடியில் இருந்ததுபோல் நீண்டு கிழிந்த நார்க் கொத்து இல்லை. மாவு தூவியதுபோல் மெல்லிய பிசிறு நார். மழுங்கிய தகடு செல்களை வெட்டாமல் நசுக்கியிருக்கிறது. நசுங்கிய அடுக்கைப் பசை பிடித்துக்கொண்டது, அதைத் தாண்டி உள்ளே போக வழியில்லை. முறிவு அந்த நசுங்கிய அடுக்குக்கும் நல்ல மரத்துக்கும் நடுவே நடந்திருக்கிறது. அன்று சாயங்காலமே தகட்டைச் சாணை பிடித்து, அதே துண்டுகளை மறுபடி இழைத்து ஒட்டி வைத்தேன். ஒரு வாரம் கழித்து உளி வைத்தபோது, பிளவு பசைக்கோட்டை விட்டு விலகி நாரோடு ஓடியது.